பனியன் பெட்டிக்கு ஒரு வெள்ளைக்காரன்

எங்கள் அப்பா ஆயுளில் ஓடியவர் இல்லை. பஸ் நகர்ந்துவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாரே தவிர, வேட்டியை மடித்துக் கட்டமாட்டார். மாமனோ பந்தைக் காலால் தொட்டவர் இல்லை. இருந்தும் நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை முழுக்க, இங்கிலாந்து தேசம் இதுவரை பெற்றெடுத்த விளையாட்டு வீரர்களிலேயே பெரியவன் யார் என்று இவர்கள் இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பனியன் கம்பெனியே இரண்டாகப் போகப் பார்த்தது.

திருப்பூரில் எங்கள் வீட்டின் பின்பக்கம்தான் கம்பெனி. நான்கு நிட்டிங் மெஷின், ஆறு தையல் மெஷின், ஒரு கட்டிங் மேஜை. அப்பாவும் அம்மாவின் தம்பியான மாமனும் கூட்டு. மாமன் எங்களோடுதான் இருந்தார். அப்பா ஐந்தாவதோடு நின்றவர், மாமன் பள்ளிப் படிப்பை முடித்தவர். அதனால் மெஷினும் ஆட்களும் அப்பா பொறுப்பு, கடிதங்கள் மாமன் பொறுப்பு.

அதுவரை எங்கள் பனியனுக்குப் பெயரும் இல்லை, பெட்டியும் இல்லை. கட்டாகக் கட்டி அனுப்பிவிடுவோம். அந்த வருஷம் கொச்சி வியாபாரி ஒருவர், அட்டைப்பெட்டியில் போட்டு, மூடியில் பெரிய விளையாட்டுக்காரன் படம் ஒன்று அச்சடித்து அனுப்புங்கள், அதுவும் இங்கிலாந்துக்காரனாக இருந்தால் சரக்கு நிற்காது என்று எழுதியிருந்தார். புலி, சிங்கம், பயில்வான் எல்லாவற்றையும் ஊரில் மற்றவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டதால் எங்களுக்கும் வேறு வழி இல்லை. சின்ன வயதில் வெள்ளைக்காரனை வெளியே போகச் சொல்லி ஊர்வலம் போய், முதுகில் லத்தியடி வாங்கிய அப்பா, இப்போது பெட்டி மூடிக்கு நல்ல வெள்ளைக்காரனாகத் தேட ஆரம்பித்தார்.

தேடுவதற்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. மெஷினுக்கு உதிரிபாகங்கள் இங்கிலாந்திலிருந்து மரப்பெட்டியில் வரும். உடையாமலிருக்க அந்த ஊர்ப் பழைய செய்தித்தாள்களைக் கசக்கித் திணித்திருப்பார்கள். அவற்றை நீவி எடுத்து அம்மா சமையலறை அலமாரியில் விரிப்பாள். அந்தத் தாள்களிலிருந்துதான் அப்பா ஓர் ஓட்டக்காரனையும் மாமன் ஒரு கால்பந்தாட்டக்காரனையும் வெட்டி எடுத்துக் கட்டிங் மேஜைக்கு மேலே ஒட்டினார்கள். பெயர்களை நான் எழுதப் போவதில்லை. அப்பா உச்சரித்தபடி எழுதினால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

"மாப்ள, இந்தப் பனியனப் பாரு. ஒரு மைல் ஓடி முடிச்சிருக்கான், கையோரம் துளி தொங்குதா? இவனுக்கு மேல ஆளு கெடையாது" என்பார் அப்பா.

"ஓடறது ஒத்தை ஆளு வேலைங்க மச்சான். பந்தாட்டம்னா பத்துப் பேரக் கட்டி இழுக்கோணும். பெரிய ஆளுன்னா எங்காளுதானுங்க."

"உன்ர ஆளு போட்டிருக்கறதப் பாரு. கழுத்துப்பட்டை வெச்சிருந்தா அதுக்குப் பேரு சட்டை. சட்டைக்காரனப் பனியன் பெட்டில போட்டா ஊரு சிரிக்காதா?"

கட்டிங் மாஸ்டர் நடுவில் புகுந்து, குத்துச்சண்டைக்காரனை விட்டுவிட்டு இந்தப் பேச்சுப் பேசுவது தப்பு என்றார். அப்பா அவரை ஒரே வார்த்தையில் உட்கார வைத்தார். "அவன் மேலுக்கு ஒண்ணுமே போடாதவன். நம்ம யாவாரத்துக்கே எதிரி."

ஓடுகிற வேகம், பந்தைத் தள்ளுகிற திறமை எதுவும் எங்கள் கம்பெனியில் கணக்கில்லை. எந்த வீரனாக இருந்தாலும் அக்குள் வெட்டையும் கழுத்து மடிப்பையும் வைத்துத்தான் அளந்தார்கள். இதெல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை மதியம், தையல்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது, மாமன் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "மச்சான், மொதல்ல உங்காளு இங்கிலாந்துக்காரன்தானான்னே எனக்குச் சந்தேகமா இருக்குதுங்க" என்றார்.

அப்பா மேஜை டிராயரைத் திறந்து, துணியில் இழை எண்ணுகிற பூதக்கண்ணாடியை எடுத்தார். ஓட்டக்காரனின் மார்பில் அதை வைத்துக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து தீர்ப்புச் சொன்னார்.

"இது இங்கிலாந்து மெஷின்ல ஓட்டுன துணி. கண்ணு கண்ணாத் தெரியுது. துணி இங்கிலாந்துன்னா ஆளும் இங்கிலாந்துதான்."

நானும் எட்டிப் பார்த்தேன். அச்சு மையின் கறுப்புப் புள்ளிகள்தான் தெரிந்தன. மாமனுக்கும் அதுதான் தெரிந்திருக்க வேண்டும். அவர் சிரித்துவிட்டார். அவர் சிரிக்க, தையல்காரர்களும் சிரிக்க, அப்பாவின் முகம் சிவந்துபோனது.

"இவன் இங்கிலாந்துக்காரன் இல்லேன்னா, நாளைக்கே மெஷினப் பிரிச்சுக்கலாம் மாப்ள. ஆளுக்கு ரெண்டு. நீ உன்ர வழியப் பாரு, நான் என்ர வழியப் பாக்கறன்."

தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. எங்கள் பக்கம் வேலையாட்கள் முன்னால் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குவது என்பது கிடையாது. அப்பா அதில் இன்னும் ஒரு படி மேல். பெரியப்பாவிடம் ஒரு கோபத்தில் சொன்ன சொல்லுக்காகப் பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டுப் படி ஏறாதவர்.

படத்தின் கீழே இருந்த ஆங்கில வரிகளை விட்டுவிட்டுத்தான் அப்பா வெட்டியிருந்தார். மீதித்தாள் அலமாரியில் பருப்பு டப்பாவுக்கு அடியில் இருந்தது. "நீ படிச்சா உன்ர பக்கமாத்தான் படிப்ப. அம்மிணி படிக்கட்டும்" என்று அப்பா என்னை அனுப்பினார்.

டப்பாவை நகர்த்தித் தாளை உருவி, சமையலறையிலேயே நின்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். அவளுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"என்ன கண்ணு போட்டிருக்குது?"

"ஆஸ்திரேலியான்னு போட்டிருக்குதுங்கம்மா. இங்கிலாந்துக்கு ஓட்டப் பந்தயத்துக்கு வந்தவனாம்."

அம்மா பொய் சொல் என்று சொல்லவில்லை, உண்மையைச் சொல் என்றும் சொல்லவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் இருக்கவில்லை. புருஷன் ஒரு பக்கம், கூடப் பிறந்தவன் ஒரு பக்கம் என்று வீடு பிரிந்துவிட்டால் அவள் எந்தப் பக்கம் நிற்பாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. மாமன் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கட்டிங் மேஜை அருகில் வந்து தாளைப் பிரித்துப் பிடித்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நான் சத்தமாக, ஒரு திணறலும் இல்லாமல், "இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்தவர்னு போட்டிருக்குதுங்கப்பா" என்றேன்.

அப்பா மூச்சு விட்டார். மாமன் கையை நீட்டி, "இங்க குடு அம்மிணி" என்றார். அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். தாளை எட்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அம்மிணி சரியாத்தான் படிச்சிருக்குது. நான்தானுங்க மச்சான் தப்பா நெனச்சுட்டன். உங்காளுதான் பெரிய ஆளு."

தையல்காரர்கள் மறுபடியும் சிரித்தார்கள், இந்த முறை மாமனைப் பார்த்து. மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. அப்பா அன்று மாமனுக்குத் தானே இலை போட்டுச் சாப்பிட உட்கார வைத்தார். அடுத்த மாதம் பெட்டி வந்தது. மூடியில் ஆஸ்திரேலியாக்காரன், அவனுக்குக் கீழே 'இங்கிலாந்தின் ஈடு இணையற்ற வீரர்' என்று கொட்டை எழுத்தில். அச்சகத்துக்கு அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததும் மாமன்தான். கொச்சியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பனியன் நன்றாக விற்றது.

இரண்டு பெரிய மனிதர்களை ஒரே பொய்யில் சாய்த்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அதைவிட, மாமன்மீது இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்துபோனது. முழுசாகப் படித்துப் பார்த்தும் ஏமாந்துவிட்டாரே, இவருக்கு என்ன ஆங்கிலம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறந்தபின் முன்போல ஆங்கிலப் பாடத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போகவில்லை. ஒருநாள் அவரே கேட்டார்.

"ஏம்மிணி, இப்பெல்லாம் பாடம் கேக்க வர்றதில்ல?"

"எனக்கே தெரியுமுங்க மாமா. உங்களுக்குத்தான் அன்னைக்குச் சரியாப் படிக்கத் தெரியல."

மாமன் "அதுஞ்சரிதான்" என்று சொல்லிவிட்டு நூல் பார்க்கப் போய்விட்டார்.

அதற்கு முந்தைய வருஷம், தேசங்களின் பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சிலேட்டில் எழுதி, 'ஆஸ்திரேலியா' வாயில் நுழையாமல் நான் அழுதபோது, மூன்று நாள் பொறுமையாக எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.