எடைக்குப் போன மாற்றச் சீட்டுகள்

1. மூடாத பீரோ

“கையெழுத்து எங்கேபா? காட்டு!” என்று கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் மேஜையைத் தட்டினார். அன்று வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அறுபதுகளின் கடைசியில், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் டிசைன் கிளார்க்காக இருந்தேன். சேலை பார்டரில் ஒரு பொட்டு மாறினாலும் முழு டிசைனையும் புது கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக மறுபடி வரைய வேண்டும். கூடவே ஒரு மாற்றச் சீட்டு: மாற்றச் சொன்னது யார், எதற்காக, கையெழுத்து. பழையது எதையும் நான் எறிய மாட்டேன். ஒரு மயில் பார்டருக்கு மட்டும் முப்பது தாள். பீரோக் கதவு மூடவில்லை.

“இன்னாபா, குப்பை சேத்துக்கினு கீற? கடைசித் தாள் ஒண்ணு இருந்தா தறி ஓடாதா?” என்றார் செயலாளர்.

“நடுவுல யாரு மாத்தினாங்கன்னு தெரியணுமே சார்.”

“எவன் கேக்கப் போறான்?”

தங்கை கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு போட்டேன். திரும்பி வந்தால் பீரோ காலி. பழைய தாள், சீட்டு, டிசைனைத் தறியில் ஏற்றும் ஓட்டை போட்ட ஜக்கார்டு அட்டை எல்லாம் செயலாளர் சொல்லி எடைக்குப் போயிருந்தன. வாங்கியவரைத் தேடி வாலாஜாபாத் வரை போனேன். கூழாக்க அனுப்பியாகிவிட்டது என்றார்.

2. துரைசாமி அண்ணன்

அடுத்த மாதம் பட்டணத்துக் கடையிலிருந்து ஆறு சேலைகள் திரும்பி வந்தன. பார்டரில் ருத்திராட்ச வரிசை இல்லையாம். நெய்தவர் துரைசாமி அண்ணன்.

அந்த வரிசையை எடுக்கச் சொன்னதே செயலாளர்தான். வரைந்தது நான். என் எதிரில்தான் சீட்டில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சேலைகள் முடிந்த பிறகு, வரிசை வேண்டும் என்று திரும்பச் சேர்க்கச் சொன்னதும் அவரே. ஃபைலில் மிஞ்சியது வரிசை உள்ள அந்தக் கடைசித் தாள் மட்டும்.

“வேலை மிச்சம்னு இவனே விட்டுட்டான்” என்றார் செயலாளர் கமிட்டியில், கூசாமல்.

நான் எழுந்து, நடந்ததைச் சொன்னேன். அப்போதுதான் மேஜையைத் தட்டினார். உறுப்பினர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“சங்கத்துல குடுத்த அட்டையைத்தான் கட்டினேன். நான் இன்னாத்துக்கு விடப் போறேன்?” என்றார் அண்ணன். அதை யாரும் மினிட்ஸில் எழுதவில்லை. அவருக்குப் பட்டு நூல் கொடுப்பதை நிறுத்தினார்கள். அவர் வேறொருவர் தறியில் கூலிக்கு உட்கார்ந்தார்.

3. ஒரு கவர் போதும்

பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் அண்ணனைப் பார்த்தேன். “எம்மேல தப்பில்லைன்னு உனக்குத் தெரியும். ஆனா உன் வாயி போதலபா. உன்னாண்ட பேப்பர் இருந்திருக்கணும்” என்றார்.

அந்த வாரமே ஒரு வழி தோன்றியது. முதல் கிராஃப் மட்டும் முழுசாக இருக்கட்டும். பிறகு வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும், மாறிய கட்டங்களை மட்டும் கையகல டிரேசிங் பேப்பரில் வரைந்து, மாற்றச் சீட்டோடு ஒட்டினேன். முதல் கிராஃப் மேல் வரிசையாக வைத்துப் பார்த்தால் டிசைனின் எந்த நிலையும் தெரியும். முப்பது மாற்றம் ஒரே கவரில் அடங்கியது.

செயலாளர் சிரித்துக்கொண்டே, “இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமேபா” என்றார்.

அறையத்தான் கை துடித்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் துடித்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, இடமில்லை என்று மேலே இருப்பவர் சொன்னால் வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள். அன்றைக்கே சுருக்க வழி தேடுங்கள். படத்தைச் சுருக்கலாம். யார் சொல்லி மாற்றினோம் என்பதை மட்டும் சுருக்காதீர்கள்.