ஆற்றங்கரையில் தனியாக நின்றவர்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை லிமோஜிலிருந்து பாரிசுக்குப் போய்வருவேன். மளிகைச் சாமான் வாங்க என்று வேலையிடத்தில் சொல்வேன். அது பாதிதான் உண்மை. ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் இடத்தில் எனக்கு வேலை, வீட்டில் நான் மட்டும். தமிழில் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் மூன்றரை மணிநேரம் ரயிலில் இருக்க வேண்டும்.

இந்த மார்ச்சில் போனதற்குக் காரணம் வேறு. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் குகன் அண்ணை, தண்ணீரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆள் தேடினார். நான் கையைத் தூக்கிவிட்டேன். பிள்ளைகளுக்குப் பிடித்தால் மாதாமாதம் வரலாம் என்றார். அதன்பின் இரண்டு கிழமை எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

வட அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றிச் சொல்வதென்று முடிவெடுத்தேன். தங்கள் ஆற்றின் அடியால் எண்ணெய்க் குழாய் போவதைத் தடுக்க, பனிக்குள் கூடாரமடித்து மாதக்கணக்கில் இருந்தவர்கள் அவர்கள். பெரிய மட்டையில் ஒரு படமும் வரைந்தேன்: ஓர் ஆறு, கரையில் தலையில் இறகு சூடிய ஒருவர். படம் நன்றாக வந்ததில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

காலை 6.10 ரயில், 9.40க்கு பாரிசின் ஓஸ்தர்லிட்ஸ் நிலையம். முன்கூட்டியே எடுத்தபடியால் ஒருவழி 25 யூரோ. ஐந்தாம் இலக்க மெத்ரோவில் கார் து நோர், அங்கிருந்து வகுப்பு நடக்கும் ரூ பெர்தொனே தெருவுக்கு ஏழெட்டு நிமிட நடை. மட்டை மெத்ரோக் கதவில் இரண்டு தரம் மாட்டியது. நீங்கள் சுருட்டக்கூடிய தாளில் வரையுங்கள்.

ஏழு பிள்ளைகள். குகன் அண்ணையும் கூடவர, லா வில்லெத் நீர்நிலைக்கு நடத்திக்கொண்டு போனேன். ஒரு கிலோமீற்றர்தான், பிள்ளைகளோடு அரை மணிநேரம் எடுத்தது. அவர்களுக்குள் பிரெஞ்சு, என்னோடு மௌனம். கரையில் இருத்தி, படத்தைப் பிடித்துக்கொண்டு கதையைச் சொன்னேன். புறநகரான ஓல்னே-சூ-புவாவிலிருந்து வரும் ஆரணி என்ற பத்து வயதுக்காரிதான் முதலில் வாய் திறந்தாள்.

"அன்ரி, இவை இப்பவும் இருக்கினமோ?"

"ஓம் பிள்ளை, இருக்கினம்."

"அப்ப ஏன் உந்த உடுப்பு? பனிக்குள்ளை நிண்டவை எண்டு சொன்னனீங்கள். குளிருக்கு அனோராக் கோட்டுத்தானே போட்டிருப்பினம்."

பிரெஞ்சுப் பள்ளிக்கூட விழாவென்றால் ரீச்சர் தன்னை எப்போதும் பாவாடை சட்டையில் வரச் சொல்வாராம். "ஜீன்ஸ் போட்டா நான் தமிழ் இல்லையோ?" என்று கேட்டாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "உங்கள் நாட்டில் இன்னும் இப்படியா" என்று கேட்பவர்கள்மேல் இருபது வருசமாக எரிந்து விழுகிறவள் நான். பேனைப் பையை அவளிடம் கொடுத்து, நீங்களே திருத்துங்கோ என்றேன்.

ஏழு தலைகளும் மட்டைமேல் கவிழ்ந்தன. சத்தமான பிரெஞ்சு, சிரிப்பு. ஒருவருக்கும் நான் தேவைப்படவில்லை. குடிநீர்க் குழாயடியில் அவர்களுடைய போத்தல்களை நிரப்பிக்கொண்டு தள்ளி நின்றேன். பிள்ளைகள் கிறுக்குவதையும் நான் ஒதுங்கி நிற்பதையும் குகன் அண்ணை பார்த்தார். நேரமானதும், "சரி, நான் ரெலிபோன் எடுத்துச் சொல்லுறன்" என்றார். இனி வரவேண்டாம் என்பதற்கு அது மரியாதையான பேச்சென்று எனக்குத் தெரியாததா? ஆரணி மட்டையைப் பையில் போட்டுக் கட்டித் தந்தாள்.

பிள்ளைகள் வீட்டாரோடு போய்விட்டார்கள். ஒரு தமிழ்க் கடையில் இரண்டு ரோல்சும் பால் விடாத பிளேன்ரீயும் எடுத்தேன், நான்கு யூரோ. கல்லாவில் இருந்தவர் "வேறை?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு அதற்குப்பின் யாரும் என்னோடு தமிழ் பேசவில்லை.

ரயில் பாதி வழியில் விர்ஸோன் தாண்டியபிறகுதான் பையை அவிழ்த்தேன். இறகு கம்பளித் தொப்பியாகியிருந்தது. நீல அனோராக், ஜீன்ஸ். அவரைச் சுற்றி ஆட்கள், கூடாரங்கள், ஒரு பெரிய சமையல் பானை. ஓரத்தில் ஏழு சின்ன உருவங்கள், நடுவில் சிவப்புக் கைப்பையோடு ஒரு பெண். அந்தக் கைப்பை என் மடியில் இருந்தது. கீழே கோணல் எழுத்தில், "தனிய நிண்டா குழாயை நிப்பாட்டேலாது." அழுதுவிட்டேன். பக்கத்து இருக்கையில் ஆள் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதென்றால்: வெறும் போத்தல் கொண்டுபோங்கள், அங்கே குழாயில் நிரப்பலாம். கரையில் காற்று குளிரும். யாரைப் பற்றிச் சொல்கிறீர்களோ அவர்கள் இன்றைக்கு எப்படி இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். படத்தில் இடம் விட்டு வரையுங்கள்.

குகன் அண்ணை இன்னும் ரெலிபோன் எடுக்கவில்லை. அடுத்த மாதச் சனிக்கிழமைக்கு 6.10 ரயிலில் இடம் எடுத்துவிட்டேன்.