நூற்றுப் பதினேழுக்கு இரட்டைப் பட்டா

"ஹால் கேமரா திரும்பவும் ஆஃப். இது தற்செயல் இல்லம்மா. தை பொறக்கறதுக்குள்ள வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடு. அவரும் அதைத்தான் சொல்றாரு."

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் மகள் போனில் அனுப்பிய செய்தி இது. கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலை, அகல்களில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. போனில் இருப்பது எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகும் என்பதால் அன்றைக்கே ஒரு தாளில் எழுதி, நாள் போட்டு வைத்தேன். பணி ஓய்வு வரைக்கும் அரசு அலுவலகப் பதிவறையில் இருந்தவளுக்கு இந்தப் பழக்கம் போவதில்லை. சிதம்பரத்தில் எங்கள் தெருவில் எந்த வருஷத்து மழைக்கு யார் வீட்டு வாசற்படி வரை தண்ணீர் ஏறியது என்பதற்கும் என்னிடம் குறிப்பு உண்டு. யாரும் கேட்டதில்லை. கேட்டால் எடுத்துக் கொடுக்க முடியும்.

செய்தியைத் திரும்பப் படித்தேன். தற்செயல் இல்லை என்றால், நான்தான் அணைத்தேன் என்று அர்த்தம். நான் அணைக்கவில்லை.

இந்த வழக்கின் தொடக்கம் ஆவணியில். வீட்டுப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டில் மாவுக்கட்டு. கணவர் போனபின் நான் தனியாக இருப்பது மகளுக்கு எப்போதும் உறுத்தல்தான். இப்போது அவளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே பேச்சை ஆரம்பித்தாள். கடலூரில் ஒரு ரூம் காலியாக இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் காற்று, புத்தகங்களைக்கூட கொண்டுவரலாம், "முக்கியமானத மட்டும்." வர மாட்டேன் என்றேன். கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். வீட்டில் நாலு கேமரா. அவை ஒழுங்காக ஓடும்வரை நான் என் வீட்டில் இருக்கலாம். ஓடவில்லை என்றால் தை மாதம் கடலூர்.

கையெழுத்துப் போடாத உடன்படிக்கை. ஆனாலும் வாக்கு வாக்குதான்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் கேமராக்களோடு வந்தார். நல்ல மனிதர். கூட்டுத்தொகை ஒன்பது வராத எதையும் தொடமாட்டார் என்பது ஒன்றுதான் அவரிடம் எனக்குப் புரியாதது. அவர் பைக் நம்பரைக் கூட்டினால் ஒன்பது. கார் நம்பர் ஒன்பது. போன் நம்பருக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியதை மகளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

வாசல், ஹால், சமையலறை, பின்பக்கம் என்று நாலையும் சுவரில் முடுக்கிவிட்டு, சாப்பாட்டு மேசையில் போனோடு உட்கார்ந்தார்.

"அத்தை, வீட்டு நெட்ல ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு நம்பர் வேணும். டோர் நம்பர் மாதிரி. தானா விட்டா அது கண்டதைக் குடுக்கும். நானே நல்லதா போட்டுட்டேன், பாருங்க."

வாசலுக்கு 108. ஹாலுக்கு 117. சமையலறைக்கு 126. பின்பக்கத்துக்கு 135.

"கூட்டிப் பாருங்க!"

கூட்டினேன். "எல்லாம் ஒம்பது."

"இனிமே ஒண்ணும் ஆவாது" என்று காபியை வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரத்திலிருந்து மகளிடமிருந்து போன் வர ஆரம்பித்தது.

"ஏம்மா, மணி ரெண்டாவப் போவுது, இன்னும் சாப்புடலையா?"

"ஸ்டூல்லேருந்து எறங்கு. எறங்குன்றேன்ல!"

"அந்தப் பச்சைப் புடவைக்காரங்க யாரு? நேத்து ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க."

அந்தப் பச்சைப் புடவைக்காரர் என்னோடு வேலை பார்த்தவர். முப்பது வருஷச் சிநேகிதி. அதைச் சொன்னபோது, ஆதாரம் கேட்டதற்குப் பதில் கொடுக்கும் குரல் எனக்கு வந்திருந்தது. அதுதான் முதலில் சுட்டது. பிறகு ஒருநாள், ஹாலுக்குப் போகும்முன் தலையைக் கோதிக்கொள்கிறேன் என்பதைக் கவனித்தேன். சொந்த வீட்டில், ஒருவரும் இல்லாத ஹாலுக்கு. அன்று ஈரத் துண்டை எடுத்துக் கேமரா மேல் போட்டேன். மூச்சு விடுவதற்குள் போன். வாக்கு கொடுத்தவள் என்பதால் துண்டை எடுத்துவிட்டேன். கோபத்தை எடுக்கவில்லை.

ஐப்பசியில் ஹால் கேமரா அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. மற்ற மூன்றும் சாதுவாக ஓடும். ஹால் மட்டும் திடீரென்று நின்று, அவர்கள் போனில் சிவப்புப் புள்ளி வரும். எப்போது என்றால், பெரும்பாலும் நான் வெளியே போய்விட்டு வீடு திரும்பியபின்.

"அத்தை வெளிய போனா கேமரா ஜம்முனு ஓடுது" என்றார் மருமகன், ஸ்பீக்கரில். "அத்தை உள்ள வந்தா அதுக்குத் தூக்கம் வருது."

பின்னால் மகள் சிரித்தாள்.

"என்னைப் பாத்துக் கண்ண மூடிக்குது போல மாப்பிள்ளை. வெக்கமா இருக்கும்" என்றேன். போனை வைத்தபின் காலண்டரில் நாள் எண்ணினேன். தை வரப்போகிறது.

கார்த்திகைச் செய்தி வந்த அன்று அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. கேமரா நின்ற நேரங்களெல்லாம் அவர்கள் போனில் பதிவாகியிருக்கும். அதை அப்படியே அனுப்பச் சொன்னேன். "எதுக்கும்மா, கணக்கு கேக்கறியா?" என்றாள் மகள். "ஆமா" என்றேன். வந்ததை நகலெடுத்து, பக்கத்தில் நான் வீடு திரும்பிய நேரங்களை எழுதினேன். மார்க்கெட், நூலகம், கோயில், சிநேகிதி வீடு. பொருந்தியது. அவர்கள் சொன்னது சரிதான். நான் வந்தால் அது நிற்கிறது.

ஆனால் நான் அதைத் தொடவில்லை என்பதும் சரி. இரண்டும் உண்மை என்றால், என்னோடு வீட்டுக்குள் வரும் ஏதோ ஒன்றுதான் காரணம். குடை, பை, சாவி, செருப்பு, போன்.

எதிர்வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். அவரிடம் போனைக் கொடுத்துவிட்டுத் தெருமுனை வரை போய், வெறுங்கையோடு வீட்டுக்குள் வந்தேன். ஹால் கேமராவின் நீல விளக்கு அசையாமல் எரிந்தது. பிறகு போனை வாங்கி வந்து மேசைமேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நீல விளக்கு கண்சிமிட்ட ஆரம்பித்தது. என் பின்னாலேயே வந்திருந்த எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாக்கா, ரெண்டுக்கும் ஆவாதா?"

"வரப்புத் தகராறு மாதிரி தெரியுது" என்றேன்.

அன்று மாலை முழுக்க, வீட்டுக்கு நெட் தரும் ரூட்டரோடு வந்த கையேட்டைப் படித்தேன். எறும்பு போன்ற எழுத்து. ஆனால் நான் கல்வெட்டுத் தொகுதிகளை அடிக்குறிப்பு விடாமல் படிக்கிறவள். ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் கடவுச்சொல் இருந்தது. அதைப் போட்டு உள்ளே போனால், வீட்டு நெட்டில் யாருக்கு எந்த எண் என்ற பட்டியல் வந்தது. என் போன்: 117.

பதிவறைக்காரிக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வீட்டுக்குள் புதிதாக வரும் போன், டிவி எல்லாவற்றுக்கும் தானாக எண் கொடுக்க ரூட்டர் ஒரு நிலத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் அது நூறிலிருந்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது வரை. நாமாக ஒரு எண்ணை நிரந்தரமாகக் கொடுப்பதென்றால் அந்த எல்லைக்கு வெளியே கொடுக்க வேண்டும். மருமகன் நாலு கேமராவையும் எல்லைக்குள்ளேயே குடியேற்றிவிட்டார், ரூட்டருக்குச் சொல்லாமல். அதுவோ 117 காலி மனை என்று நினைத்து என் போனுக்குக் கொடுத்துவிட்டது. ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு பட்டா. நான் வெளியே போனால் கேமரா குடியிருக்கும். நான் திரும்பினால் இருவரும் ஒரே வாசலில் நிற்பார்கள். இந்த மாதிரிப் பட்டா வழக்குக் கட்டுகளை நான் எத்தனை தூக்கி இறக்கியிருக்கிறேன்! அதில் எதிலும் தப்பு குடியிருந்தவர்கள் பேரில் இருந்ததில்லை.

உடனே கடலூருக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. போனில் சொன்னால், "சரி, நம்பரை மாத்திடலாம்" என்று முடித்துவிடுவார்கள். ஹால் கேமரா மறுபடி ஓடும். நான் மறுபடி தலையைக் கோதிக்கொள்வேன். எனக்கு வேண்டியது நம்பர் திருத்தம் மட்டும் இல்லை.

மார்கழி முதல் வாரம் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். கேமராக்களின் பின்னால் கம்பி செருகும் துளையும் இருந்தது. காற்றில் போவதை விடக் கம்பியில் போவது எங்கள் வீட்டுத் தடித்த சுவர்களுக்கு நல்லது என்று முடிவு செய்திருந்தேன். கம்பிகளைப் பிரித்துக் கொடுக்க ஒரு சின்னப் பெட்டி, படங்களை வீட்டிலேயே சேமிக்க ஒரு ரெக்கார்டர் வாங்கினேன். வாசல் கேமரா வாசலிலேயே. பின்பக்கத்தது பின்பக்கத்திலேயே, துணிக்கல்லைப் பார்த்து. ஹாலில் இருந்ததைக் கழற்றிப் பக்கவாட்டுச் சந்தில், சன்ஷேடுக்கு அடியில் மாட்டச் சொன்னேன். சமையலறையில் இருந்தது மாடிப்படிக்குப் போனது.

"உள்ள ஒண்ணுகூட வேணாமாக்கா?"

"திருடன் உள்ளேருந்தா வருவான்?"

"அதுவும் சரிதான்" என்று ஏணியில் ஏறினார்.

மகள் பெயரும் பிறந்த வருஷமுமாக இருந்த கேமராக் கடவுச்சொல்லை மாற்றினேன். அவளுக்கென்று தனியாக ஒரு நுழைவு உண்டாக்கினேன். நாலு கேமராவையும் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. அவளிடமிருந்து போன் வருமுன், அன்றைக்கே பஸ் ஏறிக் கடலூர் போனேன். மஞ்சக்குப்பத்தில் அவர்கள் வீட்டு மேசையில் ரூட்டர் பட்டியலின் நகலையும் நேரக் கணக்கையும் வைத்தேன். மருமகன் இரண்டு முறை பார்த்தார். முகம் சிவந்தது.

"அத்தை, நான் உங்களத் தப்பா சொல்லிட்டேன்."

"சொன்னீங்க மாப்பிள்ளை. அது போவட்டும். ஹால்லயும் சமையக்கட்டுலயும் இனிமே கேமரா கெடையாது. கழட்டியாச்சு."

மகள் எழுந்துவிட்டாள். "யாரைக் கேட்டுக் கழட்டின? ஹால்ல நீ விழுந்து கெடந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் விழுந்தது துணிக்கல்லுகிட்ட. அங்க கேமரா இருக்குது."

"ஹால்ல விழ மாட்டியா?"

"விழலாம். உன் வீட்டு ஹால்லயும் விழலாம். அதுக்காக உன் ஹால்ல நான் கேமரா வெக்கட்டுமா? நீ சாப்பிட்டியா, யார் வந்தது, மாப்பிள்ளைகிட்ட எத்தன தடவ சண்ட போட்டன்னு பாக்கவா?"

மருமகன் இருமினார்.

"உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி ஆயிடுச்சும்மா." கத்தத்தான் நினைத்தாள். குரல் உடைந்துவிட்டது. அவள் பயம் பொய்யில்லை என்பது எனக்குத் தெரியும். மாவுக்கட்டோடு இருந்த என்னை ஆவணி முழுக்கக் குளிப்பாட்டியவள் அவள்.

"தினம் விடியறப்ப வாசல்ல கோலம் போடறேன்" என்றேன். "வாசல் கேமராவுல தெரியும். கோலம் இல்லன்னா எதிர்வீட்டுக்குப் போன் பண்ணு, ஒரு சாவி அவருகிட்ட குடுத்து வெச்சிருக்கேன். அப்புறம் கார எடுத்துக்கிட்டு வா. அது போதும் உனக்கு. அதுக்குமேல பாக்கறதுக்கு நான் ஒண்ணும் சீரியல் இல்ல."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மருமகன்தான் நகலைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டார்.

"இப்ப என்ன நம்பர் போட்டிருக்கீங்க அத்தை?"

"இருபத்தொண்ணுலேருந்து இருபத்துநாலு வரைக்கும்."

அவர் உதடு அசைந்தது. "இருபத்திரெண்டு கூட்டுனா நாலு. நாலு வேணாமே. பதினெட்டு, இருபத்தேழு, முப்பத்தாறு, நாப்பத்தஞ்சுன்னு போட்டா... எல்லாம் நூறுக்குக் கீழதானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்பர் உங்க இஷ்டம் மாப்பிள்ளை. ஹால் என் இஷ்டம்."

மகள் கடைசியாகச் சொன்னது: "தைக்குள்ள ஒண்ணு ஆஃப் ஆனாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்."

"ஒத்துக்கறேன்" என்றேன்.

மார்கழியில் ஆருத்ரா தரிசனக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போனது. ஒரு நாள் முழுக்க மழை கொட்டியது. பதினெட்டும் இருபத்தேழும் முப்பத்தாறும் நாற்பத்தைந்தும் நிற்கவில்லை. மார்கழி என்பதால் கோலங்களும் பெரிதாகவே இருந்தன. ஒருநாள் மூட்டுவலியில் நாலு புள்ளியோடு நிறுத்தினேன், "ஏன் இன்னிக்குச் சின்னதா இருக்குது?" என்று செய்தி வந்தது. பதில் போடவில்லை. மறுநாள் கோலம் போட்டேன், அதுவே பதில்.

பொங்கலுக்கு இருவரும் சிதம்பரம் வந்தார்கள். வீட்டைப் பூட்டுவது பற்றி யாரும் பேசவில்லை. ஹால் சுவரில் கேமரா இருந்த திருகாணி மட்டும் மிச்சமிருந்தது. அதில் புது தினக்காலண்டரை மாட்டியிருந்தேன். மகள் அதைப் பார்த்தாள், முந்தின நாள் தாள் கிழிக்காமல் இருப்பதைச் சொல்லி, அவளே கிழித்தாள்.

அவர்கள் போனபின் நேரக் கணக்கைச் சுத்தப் பிரதி எடுத்தேன். அப்போதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது. தீபாவளி அன்று மத்தியானமும் ஹால் கேமரா நின்றிருக்கிறது. அன்று நான் கடலூரில் மகள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் என் மடியில் இருந்தது. அவர்கள் வழக்குக்கும் அந்த வரி உதவாது, என் வழக்குக்கும் உதவாது. பண்டிகை அவசரத்தில் அதை அவர்களும் பார்க்கவில்லை, கணக்கு எழுதும்போது நானும் பார்க்கவில்லை. அதற்காக நான் வீட்டைப் பூட்டப்போவதில்லை, அந்த வரியை மறைக்கப்போவதும் இல்லை.

அந்த மத்தியானம் தெருவில் ஒரு ஃபேஸ் கரண்ட் மட்டும் போனது, எங்கள் ஹால் அதில்தான் இருக்கிறது என்கிறார் எதிர்வீட்டுக்காரர். போகவே இல்லை, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது என்கிறார்கள் பக்கத்து வீட்டில். மின்வாரிய அலுவலகத்தில் கேட்டதற்குப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள், இன்னும் சொல்லவில்லை. தீபாவளி அன்று ஹால் கேமரா ஏன் நின்றது என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.