மூன்று எழுத்தும் ஒரு பறவையும்

மருதமுனையில் ஹப்ஸாவைப் பிடிவாதக்காரி என்பார்கள். சொல்லட்டும். புயல் கொண்டுபோன மனிதனைப் பெருநாள் வரைக்கும் உயிரோடு வைத்திருந்தவள் அவள். பிடிவாதமில்லாமல் நடக்கிற காரியமா அது?

அவள் தறியில் சாறன் நெய்கிறவள். புருசன் பக்கீர் முகைதீன் கடலுக்குப் போகிறவன். எழுபத்தெட்டில் அந்தப் பெரிய புயல் அடித்த கிழமை, ஹஸன் என்பவரின் போட்டில் போனான். திருகோணமலைப் பக்கம் வாங்கி வந்த போட் அது. அதற்கு அது இரண்டாம் பயணம். பக்கத்தில் ஆங்கிலத்தில் ஏதோ பெயர் எழுதியிருந்தது. யார் அதைப் படித்தார்கள்? எல்லோருக்கும் அது ஹஸனின் போட்தான். சோறு தின்னும்போது பக்கீர் மட்டும் சொன்னான்: "அது ஒரு பறவைட பேராம், புள்ள. பறக்கிற மாதிரித்தான் ஓடுது."

போட்டும் வரவில்லை, போனவர்களும் வரவில்லை.

புருசன் மவுத்து என்று உறுதியானால் பெண் இத்தா இருக்க வேண்டும். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆணின் கண்ணில் படாமல், அலங்காரம் இல்லாமல், வீட்டோடு இருப்பாள். உறுதியில்லை என்றால் அவள் இன்னும் பெண்சாதிதான். ஹப்ஸா இந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டாள்.

பிடித்துக்கொள்ளக் காரணமும் இருந்தது. விடியச் சுபஹுத் தொழுது எழும்பினால் பின்வேலியில் ஒரு செருமல் கேட்கும். சமையல் குசினியில் வேறு பெண்கள் இருந்தாலும் இருக்கலாம் என்று பக்கீர் உள்ளே வருமுன் ஒரு தரம் செருமுவான், அதே செருமல். வேலிக் கடப்பைத் திறந்தால் ஆள் இராது. கடப்புக் கயிறு மட்டும் நனைந்திருக்கும். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்பு. பனிக்கு உப்பு உண்டா?

தை மாதத்தில், பெரியநீலாவணை அழகரெத்தினம் வண்டிலில் ஒரு பலகை கொண்டுவந்தார். பக்கீரோடு வலை இழுத்த மனிதர்.

"தங்கச்சி, கரையில ஒதுங்கிக் கிடந்தது. நம்மட பக்கீர் போன போட்டோ, வேறயோ, எனக்கு எழுத்துத் தெரியா. இதை எரிக்கவும் மனம் வரல்ல."

இரு பக்கமும் முறிந்த கனத்த பலகை. சாண் சாணாக மூன்று எழுத்து. ஹப்ஸா அதைப் பாயில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். கூடப்பிறந்த மூத்தவர் சரீப் காக்கா கேட்டும் காட்டவில்லை. எவராவது படித்துவிட்டால்?

ஆனால் அறியாமலும் இருக்க முடியவில்லை. சீமெந்துப் பைக் கடதாசியை எழுத்தின் மேல் விரித்து, கரியால் தேய்த்து, எழுத்துக்கு ஒரு கடதாசியாக எடுத்தாள். முதல் எழுத்துக்கு ஒரு புள்ளி, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு மூன்று. அதைக் கொண்டுபோனது கல்முனை மருந்துக் கடையில் நின்ற மசூரிடம். பத்திரிகையில் வரும் ஆங்கிலச் சொல் போட்டி ஒன்றையும் விடாதவன் அவன். மேசைக்குக் கீழே அகராதி கிடக்கும்.

"இந்த எழுத்து மூண்டும் உள்ளுக்கு வாற சொல்லு என்னென்ன, தம்பி?"

"யூ, ஜீ, ஏ. முதல் எழுத்துத் தெரிஞ்சா லேசி, ராத்தா. இது நடுவால கிடக்கு. முழுப் புத்தகத்தையும் தின்னணும். பரிசு விழுந்தா எனக்கென்ன தருவீங்க?"

"நல்ல சாறன் ஒண்டு. தின்னு."

தின்றுதான் பார்த்தான். அடுத்த கிழமை போனபோது சொன்னான்: "சுகர், அது சீனி. உகண்டா, அது ஒரு நாடு. இன்னும் ஒண்டு ரெண்டு, சிக்கனம் அது இது எண்டு."

"பறவை? இது கரையில ஒதுங்கின பலகையில கிடந்த எழுத்து."

"பறவையா? ஒண்டுமில்ல ராத்தா. இது கரும்புத் தோட்டத்துப் போர்டாத்தான் இரிக்கும். வெள்ளத்தில ஆத்தோட வந்திரிக்கும்."

ஹப்ஸா கடையில் நின்றே சிரித்தாள். சாறனும் நெய்து கொடுத்தாள். அதற்குப் பிறகு செருமல் கேட்டால் "வாறன், வாறன்" என்று சத்தமாகவே மறுமொழி சொன்னாள். காக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

நோன்பு போனது, பெருநாள் போனது. நித்திரை வரவில்லை என்று மசூரிடம் குளிசை வாங்கினாள். அவள் தமிழ் படிக்காதவள் என்பதால் கடதாசியில் கீறிக் கொடுத்தான்: ஒரு கோடு, ஒரு வட்டம், இரண்டு கோடு. நாலாம் நாள் சண்டைக்குப் போனாள்.

"என்ன மருந்து தந்தாய்? தறியில விழுந்து விழுந்து நித்திரை. நூலெல்லாம் அறுகுது!"

"எப்பிடிப் போட்டீங்க?"

"நீ கீறின மாதிரித்தான். காலையில ரெண்டு, ராவைக்கு ஒண்டு."

"மாறி ராத்தா! காலையில ஒண்டு, பகல் இல்ல, ராவைக்கு ரெண்டு."

"கண் தெரியாதா உனக்கு? இஞ்ச பாரு." வலப் பக்கத்தில் விரலை வைத்து இடப் பக்கம் இழுத்தாள். "இதால தொடங்கினா ரெண்டுதானே முதல்?"

அரபு எழுத்தில் குர்ஆன் மட்டும் ஓதத் தெரிந்த விரல் அது. வேறு எந்தப் பக்கத்தால் தொடங்கும்? மசூர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் விரலாலும் மேசையில் அதேபோல வலமிருந்து இடமாக இழுத்துப் பார்த்தான்.

"ராத்தா... அந்தப் பலகைக்கும் புள்ளி வெச்சது இந்தப் பக்கத்தாலயா?"

"ஓம்."

"அப்ப ஏ, ஜீ, யூ" என்றான். அவன் அகராதியை எடுக்கவில்லை. சொல் போட்டிக்காரனுக்கு என்னத்துக்கு அகராதி?

"சொல்லு. பறவை இரிக்கா?"

"இரிக்கி."

"என்ன பறவை?"

"சீகல், ராத்தா. கடற்காகம்."

வீட்டுக்கு வந்து பாயை அவிழ்த்தாள். இடப் பக்கத்தால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். பிறகு காக்காவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, இத்தா இருக்கப் போவதாகச் சொன்னாள். அவர் பள்ளிவாசலுக்குப் போய் லெப்பையிடம் கேட்டு வந்தார்.

"தங்கச்சி, இத்தாவை மவுத்தான நாளையில இருந்துதான் எண்ணணுமாம். புயலடிச்சிப் பெருநாளும் போய்த்து. உன்ட இத்தா எப்பயோ முடிஞ்சிதாம்."

"முடிஞ்சா? நான் இருக்கல்லயே, காக்கா."

"இருந்தாலும் இருக்காட்டியும் முடிஞ்சதுதானாம். சட்டம் அப்பிடி."

"நான் பூச்சீலை உடுத்து, கல்முனைக்கு பஸ்ஸேறி, மசூரோட சிரிச்சிக் கதைச்ச மாசமெல்லாம் இத்தாவா?"

"ஓம்."

"அப்ப வேலியடிக்கு வந்தது ஆரு?"

ஹப்ஸா எழும்பி, கையில் கிடந்த காப்பைக் கழற்றி காக்காவிடம் கொடுத்தாள். பெட்டியைத் திறந்து வெள்ளைச் சீலையை எடுத்தாள்.

"லெப்பைட கணக்கு லெப்பையோட இரிக்கட்டும். வாசலுக்கு ஆரும் ஆம்பிளையள் வந்தா திருப்பி அனுப்புங்க, காக்கா. நான் இத்தாவில இரிக்கன்."