பட்டியலில் முதல் பெயர்

பேனாவை எப்போதும் தன் கைப்பையிலிருந்துதான் எடுப்பார் தோரிங். மேசையில் நூல் கட்டிப் போட்டிருக்கும் பேனா எழுதாது என்பது அவருடைய நீண்ட அனுபவம். அதை உதறிப் பார்ப்பதற்குள் பின்னால் நிற்பவர் முந்திவிடுவார். வருகைப் பதிவுத் தாளின் முதல் வரியில் 'தெயதோரா பலாசோ' என்று தன் முழுப்பெயரை எழுதி, கடைசி எழுத்தின் வாலைப் பக்கத்துக் கட்டம் வரை இழுத்துச் சுழிப்பார். பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பார்.

"இன்னைக்குப் பன்சித் நூடுல்ஸா, கோழிச் சோறா?"

கோழிச் சோறு என்றால் பொட்டலம் அடுக்கியிருக்கும் தூண் ஓரமாக உட்காருவார். நூடுல்ஸ் என்றால் வாசல் பக்கம். முதல் வரிசையில் மட்டும் எதற்கும் உட்காரமாட்டார். அங்கே உட்கார்ந்தால் மைக்கை வாயருகே நீட்டிக் கருத்து கேட்பார்கள்.

வயது அறுபத்திரண்டு. கணவர் இல்லை. பனாய் தீவின் மலையடிவாரத்தில், ஊர்க்கோடியில் வீடு. வீட்டை ஒட்டிப் பன்றிக் கொட்டில், கொட்டிலை ஒட்டிப் பலாமரம். ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் தோரிங் இருப்பார். டெங்குக் கூட்டம், பன்றிக் காய்ச்சல் கூட்டம், பூகம்பம் வந்தால் மேசைக்கடியில் படுக்கும் பயிற்சி எல்லாம் முடித்தவர். கடல் கண்ணில் படாத ஊரிலிருந்து மீனவர் பாதுகாப்புக் கருத்தரங்குக்குப் போய்வந்து, பரிசாகக் கிடைத்த மிதவைச் சட்டையைப் பன்றிக் கொட்டிலின் ஓட்டையில் அடைத்தவர். குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் மருத்துவச்சி தயங்கித் தயங்கி வயதைக் கேட்டபோது, "தெரிஞ்சு வச்சிக்கிட்டா நல்லதுதானே" என்றார்.

"நாலு கூட்டத்துக்குப் போனாத்தான் நம்ம இருக்கோம்னு அரசாங்கத்துக்குத் தெரியும்" என்பது அவருடைய கொள்கை. இருக்கிறார் என்பது அரசாங்கத்துக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அவருக்கு இரண்டு பொட்டலம் என்பதுகூடத் தெரியும்.

இலோய்லோ நகரம் வடக்கே வீங்கிக்கொண்டே போனது. தெருவுக்கு ஒரு வணிக வளாகம், அதன் தலைமேல் இருபது மாடி, அதற்குள் விடிய விடியக் குளிரூட்டி. இருக்கிற கரண்ட் போதாமல், மலைக்கு அந்தப் பக்கமிருந்து புதிய உயர் மின்னழுத்தக் கம்பி இழுக்க ஒரு கம்பெனி கிளம்பியது. கம்பி வரும் வழியில் இந்த ஊர் இருந்தது. எனவே மக்களிடம் கருத்து கேட்டார்கள். இரண்டு வருடத்தில் பதினோரு முறை கேட்டார்கள்.

கூடைப்பந்து மைதானத்தின் தகரக் கூரைக்குக் கீழேதான் எல்லாக் கூட்டமும். முதலில் ஜெபம், பிறகு தேசிய கீதம், அப்புறம் தூக்கம் கலைய எல்லாரும் எழுந்து இடுப்பை ஆட்ட ஒரு பாட்டு, அதற்கும் அப்புறம் மேசை விசிறிக்குக் குலுக்கல். இவ்வளவும் முடிந்தபின் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி ஜோமர், கோபுரங்கள் எங்கெங்கே நிற்கும் என்ற வரைபடத்தைத் திரையில் போடுவான். சரியாக அந்த நேரத்தில் பொட்டலங்களும் வரும். "சாப்பிட்டுக்கிட்டே பாருங்க" என்பான். ஊர் சாப்பிட்டது. பதினோரு முறையும் வரைபடம் வெள்ளைத் துணியில் தனியாக நின்றுவிட்டுப் போனது.

கூட்டத்துக்கே போகாத ஒரே ஆள் தாகியோ, தோரிங்கின் கொழுந்தன். அரிசி ஆலை மெக்கானிக். பக்கத்து வீடு.

"சோத்தைக் குடுக்கணும்னா தட்டை நீட்டுவான். இவன் ஏன் அண்ணி பேப்பரை நீட்டுறான்?"

"பொட்டலம் எண்ணிக்கை சரியா இருக்கணும்ல. உனக்குப் பொறாமை."

"எனக்கு என்ன பொறாமை? உங்க கையெழுத்து வரவர ரொம்ப அழகாயிட்டு வருது, அதைச் சொன்னேன்."

மே மாதத்தில் ஒரு காலை. பன்றிக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தபோது நான்கு பேர் வந்து, கொட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவில் சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சி ஒன்றை அடித்தார்கள். அதில் எண்பத்தேழு என்று எழுதியிருந்தது. பக்கத்து ஊருக்குப் போகவேண்டிய குச்சியை இடம் தெரியாமல் அடிக்கிறார்கள் என்று நினைத்த தோரிங் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

மத்தியானம் ஜோமர் கோப்போடு வந்தான். பதினோரு தாள்கள். மேலே எறும்பு ஊர்ந்ததுபோல ஆங்கிலத்தில் இரண்டு வரி. 'கீழே கையொப்பமிட்டவர்களுக்குத் திட்டம் விளக்கப்பட்டது. அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை.' அவன் படித்துச் சொன்னான். அதற்குக் கீழே, பதினோரு தாளிலும், வால் சுழித்து, தெயதோரா பலாசோ.

"எல்லாத்துலயும் நீங்கதான் அக்கா முதல் ஆளு. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் உங்க பேர் தெரியும்."

"அது சோத்துக்குப் போட்ட கையெழுத்து தம்பி."

"பேப்பர்ல சோறுன்னு போடலையே அக்கா."

சமையலறை போகும் என்றான். கொட்டில் போகும், பலாமரம் போகும். அதற்கு உரியது கிடைக்கும் என்றான். தோரிங் அந்தத் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. கூச்சமாக இருந்தது. இவ்வளவு பெரிதாகவா கையெழுத்துப் போட்டோம் என்று தோன்றியது.

"பக்கத்து நிலம் காலியாத்தானே கெடக்கு? அங்க தள்ளி வைக்கக் கூடாதா?" கேட்டது கொழுந்தனின் நிலத்தைத்தான்.

"அவரு எதுலயும் கையெழுத்துப் போடலையே அக்கா. அங்க கால் வச்சா கேஸ் ஆயிடும்."

மறுநாள் மண் தோண்டும் வண்டி வந்தபோது, முளைக்குச்சிக்கு மேலேயே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார் தோரிங். குச்சி, நாற்காலியின் நான்கு கால்களுக்கு நடுவில் தலை நீட்டிக்கொண்டிருந்தது. ஜோமர் கெஞ்சினான். ஊர்த் தலைவர் வந்து வளர்ச்சி பற்றிப் பேசினார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார் தோரிங்: "இந்தக் கம்பியில எங்க ஊருக்குக் கரண்ட் வருமா?" வராது, இது பெரிய கரண்ட், நேராக நகரத்துக்குப் போவது என்றார் தலைவர். "அப்ப நான் எழுந்திருக்க மாட்டேன்" என்றார். பதினோரு கூட்டத்தில் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.

கூட்டங்களில் பக்கத்தில் உட்கார்ந்து, பொட்டலத்திலிருந்து கோழிக்கால் மாற்றிக்கொண்ட யாரும் வரவில்லை. மைதானத்தில் அன்று எலிக்காய்ச்சல் கூட்டம். வறுத்த கோழி வாசனை தோரிங்கின் நாற்காலி வரைக்கும் வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நாள் உச்சி வெயிலில் தாகியோ வந்தான். வாழையிலையில் சோறும் கருவாடும். அவர் மடியில் வைத்தான்.

"சாப்பிடுங்க அண்ணி. இதுக்குக் கையெழுத்து வேண்டாம்."

தோரிங் அவன் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. அவன் தரையில் குந்தி, வண்டிக்காரர்களோடு இன்ஜின் பற்றிப் பேசிக்கொண்டு பொழுது சாயும்வரை இருந்தான். மூன்றாம் நாளும் சோற்றோடு வந்தான்.

நான்காம் நாள் பொறியாளர் வந்து, நாடாவைப் பிடித்து அளந்து, அவருடைய நிலத்துக்குள்ளேயே ஒன்பது மீட்டர் தள்ளிப் புதிய குச்சி அடித்தார். சமையலறை தப்பியது. கொட்டிலும் பலாவும் போயின. மரம் விழுந்த அன்று தோரிங், பிஞ்சுகளைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு தாகியோ வீட்டுக்குப் போய், வாசலில் வைத்துவிட்டுக் கூப்பிடாமலே திரும்பினார்.

எட்டு மாதத்தில் கோபுரம் எழுந்தது. கம்பிகள் ஊரின் தலைக்கு மேலே, ஊரைப் பார்க்காமல் போயின. திறப்பு விழாவைத் தோரிங்கின் முற்றத்திலேயே வைத்தார்கள். ஜெபம், தேசிய கீதம், இடுப்பாட்டம் எல்லாம் ஆயிற்று. 'தாமாக முன்வந்து நிலம் தந்த தாய்' என்று ஜோமர் மைக்கில் அறிவித்து, நாடா வெட்ட அவரைக் கூப்பிட்டான். நகரத்திலிருந்து வந்த பெரியவர்கள் கை தட்டினார்கள். தாகியோ தன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

தட்டில் பட்டுத்துணி, அதன்மேல் கனமான புதுக் கத்தரிக்கோல். தோரிங் எடுத்தார். ஒரே வெட்டு. நாடா இரண்டு பக்கமும் விழுந்தது. படம் எடுப்பவன் கேட்டபடி இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை சிரித்தார். பிறகு கத்தரிக்கோலைத் திரும்ப வாங்க ஜோமர் தட்டை நீட்டினான். தோரிங் அதைத் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.