இரண்டு கோடியும் ஒரே படத்தில்

ஏஞ்சலினுக்கு ஊரில் பட்டப்பெயர் 'நீளப்படக்காரி'. தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சந்தில் அவள் ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படம், கோயிலில் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளின் படம், ஆதார் கார்டுக்கு லேமினேஷன், எல்லாம் அங்கே நடக்கும். அதெல்லாம் வயிற்றுக்கு. மனசுக்கு என்று தனியாக ஒரு மரப்பெட்டி இருக்கிறது.

கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் அவள் புருஷன் டெரன்ஸ், ஒரு தடவை ஜப்பானிலிருந்து போன் போட்டு, "உனக்கு என்ன வாங்கிட்டு வர" என்று கேட்டான். மற்றவர்கள் சென்ட் பாட்டில் கேட்பார்கள், சாக்லேட் கேட்பார்கள். இவள் கேட்டது பழைய மடக்குக் கேமரா. விரித்தால் துருத்தி மாதிரி நீளும். முக்காலியில் ஏற்றி, தலைமேல் கறுப்புத் துணி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய சாமான். பாவம் அந்த மனுஷன், சுமந்துகொண்டு வந்து சேர்த்தான். அதன் முதுகில் மாட்டும் ரோல் பிலிம் ஹோல்டரை ஏஞ்சலினே ஆன்லைனில் வரவழைத்தாள். அதை மாட்டிவிட்டால் படம் உயரத்தைப் போல மூன்று மடங்கு அகலத்துக்கு விழும். துறைமுகத்தில் நிற்கும் கப்பல் மூக்கிலிருந்து வால் வரை ஒரே படத்துக்குள் அடங்கும். ஷிப்பிங் ஏஜெண்டுகளும் உப்புக் கம்பெனிக்காரர்களும் ஆபீஸ் சுவரில் மாட்ட அவளிடம்தான் வருவார்கள்.

"போன்லயே இழுத்து எடுத்தா இப்படி வந்துருமே" என்று சொல்லாத ஆள் கிடையாது.

"வரும். நடுவுல உங்க மவன் ஓடுனாம்னா அவனுக்கு மூணு கால் வரும்" என்பாள். அவளுக்கு வாய்க்குக் குறைச்சலே இல்லை.

இந்த அகலப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்றால், அதற்கு அவள் கல்யாணத்துக்குப் போக வேண்டும். நம் பக்கத்துக் குடும்பங்களில் சொத்துக்காகப் பேச்சை முறித்தவர்கள் ஒரு பங்கு என்றால், கல்யாண போட்டோவுக்காக முறித்தவர்கள் இரண்டு பங்கு இருப்பார்கள். ஏஞ்சலின் வீடும் இரண்டாவது ரகம்தான். அன்றைக்கு மொத்தக் குடும்பத்தையும் நிறுத்திப் படம் எடுத்தபோது, சித்தப்பா கஸ்பார் பந்தியில் கறிவாளியோடு நின்றார். ஒருத்தர் கூப்பிடுவார் என்று இன்னொருத்தர் இருந்துவிட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது.

திரும்பிப் பந்திக்கே போய்விட்டார். ஆல்பம் வந்ததும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டிவிட்டு மூடி வைத்தார். "பந்திக்கு மட்டுந்தான் நான் வேணும் போல" என்றார். ஏஞ்சலினின் அப்பா மரியான் தோணி ஓட்டிய தண்டல், எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. "ஒரு போட்டோவுக்காலே இந்தக் குதி குதிக்க" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டுவைத்தார். அதோடு முடிந்தது கதை. அண்ணனும் தம்பியும் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. கோயிலில் ஒருவர் வலப்பக்கம் இருந்தால் மற்றவர் இடப்பக்கம் போய்விடுவார்.

சங்கு குளிக்கப் போய்வந்த கையோடு தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த சித்தப்பா, தன் கல்யாணத்தாலேயே தள்ளிப் போய்விட்டாரே என்பது ஏஞ்சலினுக்கு ஆறாத வருத்தம். அந்த ஆல்பத்தை அவள் பிறகு திறக்கவே இல்லை. அதற்குப் பிறகு யார் வீட்டுக் கல்யாணத்தில் படம் எடுத்தாலும், பந்தியில் யாரும் நிற்கிறார்களா என்று ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் கேமராவைத் தொடுவாள். ஒருத்தரும் விட்டுப்போகாத அகலம் வேண்டும் என்ற பைத்தியம் அப்படித்தான் பிடித்தது.

இந்த வருஷம் கஸ்பாரையும் மெட்டில்டா சித்தியையும் கனடாவிலிருக்கும் மகள் விஜிலா தன்னோடேயே வந்து இருக்கச் சொல்லிவிட்டாள். மணப்பாடு சிலுவைக் கோயில் திருவிழா முடிந்ததும் பயணம். போனால் எப்போது திரும்புவார்களோ. அதற்குள் சித்தப்பா இருக்கிற குடும்பப்படம் ஒன்று எடுத்தே தீருவது என்று ஏஞ்சலின் கிளம்பினாள்.

"அவரு நிக்க படத்துல நான் நிக்க மாட்டேன்" என்றார் கஸ்பார்.

"ஒட்டி நிக்க வேண்டாம் சித்தப்பா. எங்கிட்ட அகலம் இருக்கு. அவரு இந்தக் கோடி, நீங்க அந்தக் கோடி. நடுவுல நம்ம சனம் பூரா நிக்கும்."

கஸ்பார் யோசித்தார். "நல்ல தூரம் இருக்குமா?"

"தாராளமா."

மரியான் வேறு மாதிரி முறுக்கினார். "மூத்தவன் நான் எதுக்குளா கோடிக்குப் போணும்?"

"வரிசையே உங்ககிட்ட இருந்துதானப்பா தொடங்குது" என்றாள் ஏஞ்சலின். மனுஷன் மீசையைத் தடவிக்கொண்டு சரி என்றுவிட்டார்.

திருவிழாவன்று காலைப் பூசை முடிந்ததும், மணல்மேட்டில் கோயிலுக்கு முன்னால் எல்லாரையும் வரிசை கட்டினாள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் கேமராவின் கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். மாமன், மச்சான், மதினி எல்லாரும் வௌவால் மாதிரி தொங்கினார்கள். லென்சு ஓரங்களில் கொஞ்சம் இருட்டடிக்கும் என்பதால், இரண்டு கோடியில் நின்றவர்களையும் உள்ளே தள்ளி வரச் சொன்னாள். வந்தார்கள். ஆனாலும் கூட்டத்தோடு ஒட்டாமல், ஆளுக்கொரு பக்கம் தனியாக விறைத்துக்கொண்டு நின்றார்கள். ஹோல்டரை மாட்டி ஒரு படம் எடுத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை வீரிட்டது. சீக்கிரமாகப் பிலிமைச் சுற்றி இன்னொன்று எடுத்தாள். "முடிஞ்சிட்டா?" என்று கேட்டுவிட்டு, கஸ்பார் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து குளியலறையை இருட்டாக்கிப் பிலிமைக் கழுவித் தொங்கவிட்டவள், வெளிச்சத்தில் அதை மறுபடி மறுபடி பார்த்தாள். இரண்டு படமும் தனித்தனியாக விழவில்லை. முதல் படத்தின் கடைசிமேல் இரண்டாம் படத்தின் தொடக்கம் ஏறிக் கிடந்தது.

தப்பு அவளுடையதுதான். அந்த ஹோல்டரின் முதுகில் சின்னதாகச் சிவப்புச் சன்னல் ஒன்று உண்டு. பிலிமைச் சுற்றச் சுற்ற அதில் எண் ஓடும். முழு நீளப் படம் என்றால் மூன்று எண் தள்ளிச் சுற்ற வேண்டும். உள்ளே ஒரு தகட்டைப் போட்டுக் குட்டையான படம் எடுத்தால் இரண்டு எண் போதும். அதற்கு முந்தின வாரம் முழுக்க உப்பளத்தில் குட்டைப்படம் எடுத்திருந்தாள். மணப்பாட்டுக்குக் கிளம்பும்போது தகட்டை மறக்காமல் கழற்றினாள். கைதான் பழக்கதோஷத்தில் இரண்டிலேயே நின்றுவிட்டது.

எல்லாம் போச்சே என்று ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். மறுபடியும் நிற்கச் சொன்னால் இரண்டு பேரும் நிற்பார்களா? செத்தாலும் மாட்டார்கள். மூக்கைச் சிந்திவிட்டு, இருப்பது என்னதான் என்று கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தாள். பார்த்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

ஒன்றன்மேல் ஒன்று ஏறியது எந்தப் பகுதி? முதல் படத்தின் கஸ்பார் கோடியும் இரண்டாம் படத்தின் மரியான் கோடியும். கூட்டத்தோடு ஒட்டாமல் வீம்பாகத் தள்ளி நின்ற இரண்டு பேரும் அந்த இடத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் வெளிறியிருந்தார்கள், ஆனாலும் ஆளும் முகமும் நன்றாகத் தெரிந்தன. இரண்டு படத்தையும் வெட்டாமல் ஒரே நீளமாக அச்சுப்போட்டாள். இந்தக் கோடியில் மரியான், அந்தக் கோடியில் கஸ்பார், நட்டநடுவில் இரண்டு பேரும் சேர்ந்து. ஒரு பிரதியைச் சுருட்டிச் சித்தி கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல், கேமராப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது. கஸ்பார்தான். அந்த வீட்டுப் படியை அத்தனை வருஷமாக மிதிக்காதவர், சுருட்டிய படத்தோடு உள்ளே வந்து மேசையில் விரித்தார்.

"நீரு எதுக்கு என் பக்கத்துல வந்து நின்னீரு?"

மரியான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "நான் எங்கல வந்தேன்? நிறுத்துன இடத்துலதான் நின்னேன். நீதான் வந்துருக்க."

"இங்கன பாரும், உம்ம காலு எங்க கெடக்குன்னு."

"உன் தோளு எங்க கெடக்கு, மொதல்ல அதப் பாரு."

ஏஞ்சலின் கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள். "ரெண்டு பேருமே வரல. நான் பிலிமைச் சுத்துனதுல..."

"நீ சும்மா கெட" என்றார்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல்.

மரியான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெலிஞ்சிட்டியேல" என்றார்.

"வயசாகுதுல்லா."

"அன்னைக்கு நான்தான் உன்னயக் கூப்பிட்டிருக்கணும். கூப்பிடாம விட்டுட்டேன்."

கஸ்பார் படத்தின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். "கறி பத்தாமப் போயிரக் கூடாதேன்னு நின்னேன். நம்ம மவ கல்யாணம்லா."

ஏஞ்சலின் சட்டென்று கேமராப் பெட்டி இருந்த மூலைக்குத் திரும்பினாள். கஸ்பார் தடுத்தார். "போன்லயே எடுளா. அதை விரிச்சு முடிக்கதுக்குள்ள இவரு மறுபடி சடைச்சிக்கிடுவாரு."

இரண்டு பேரும் சன்னலோரம் போய் நின்றார்கள். நடுவில் ஒரு கை நுழைய இடமில்லை. அவள் எடுத்தாள்.

"ஏளா, படத்துல நான் விழுந்திருக்கனா? நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார் கஸ்பார்.

கண் நிறைந்து திரை மங்கியது. புறங்கையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

"இருக்கீங்க சித்தப்பா. முழுசா இருக்கீங்க."