இரண்டு ரூபாய்க் கதவு

ரோத்தக் பக்கத்தில் பதேரி என்ற பெயரை யாரும் ஆசைப்பட்டு வைப்பதில்லை. நான்காவதும் பெண்ணாகப் பிறந்தால், சாமி, இத்தோடு நிறுத்திக்கொள் என்று வைக்கிற பெயர் அது. நம் பக்கத்துப் போதும்பொண்ணுதான். வேண்டுதல் பலித்து அவளுக்குப் பின்னால் ஒரு பையன் பிறந்தான். அதற்காகவாவது அவளைக் கொஞ்சம் மரியாதையாக நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை.

அவளுக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் கபடி மைதானம். இடது மூலையில் நிற்பாள். பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். ஒருத்தி மூஞ்சியிலேயே உதைத்தாள். முன்பல் இரண்டு போயிற்று, பிடி போகவில்லை. மாவட்ட அணிக்கு நான்கு வருடம் ஆடினாள், பிறகு கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள்.

புருஷன் தரம்பீருக்குக் குடித்தால் கை நீளும். குடிக்காத நாளிலும் நீளும். எருமைக்குத் தண்ணீர் காட்ட நேரமானதென்று ஒருநாள் மூங்கில் கழியால் விலாவில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அடுத்த அடிக்கு ஓங்கிய கையைப் பிடித்து முறுக்கினாள். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அன்றைக்கே அவன் அண்ணன் தம்பி மூன்று பேரும் அவளைக் கொட்டிலில் தள்ளி, சாணியும் மூத்திரமும் வாய்க்குள் போகிற வரை மிதித்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்து கூடி, விலாவுக்கும் கைக்கும் சரியாகப் போயிற்று என்று சமாதானக் காகிதம் எழுதியது. பதேரி கையெழுத்துப் போட்டாள். தரம்பீர் அதற்கு முன்பே போலீசில் கொடுத்திருந்த புகாரை மட்டும் யாரும் வாபஸ் வாங்கவில்லை. பெரிய மனிதர்களுக்கு ஞாபகமறதி இப்படித்தான் ஆள் பார்த்து வரும்.

அந்த வழக்குக்காக ஏழு வருடம் கோர்ட்டுக்கு நடந்தாள். நடுவில் புருஷன் வீட்டை விட்டு டெல்லிக்கு வேலை தேடி வந்தாள். டெல்லி விமான நிலையத்துக்குள்ளே வேலை பார்க்கக் கழுத்தில் ஒரு பாஸ் வேண்டும், பாஸுக்குப் போலீஸ் சான்று வேண்டும். ‘உங்கள் மேல் வழக்கு உண்டா?’ என்ற கட்டத்தில் உண்டு என்று எழுதியதால் இரண்டு முறை மனு திரும்பி வந்தது. வழக்கு முடிந்த பிறகுதான் பாஸ் கிடைத்தது. அதைத் தூங்கும்போதுகூடத் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வேலை, விமானத்துக்குக் காத்திருப்பவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற லவுஞ்சில். அதன் மேலாளர் குரானா முதல் நாளே சொல்லியிருந்தார்.

“பதேரி ஜி, இது உங்க ஊர் இல்ல. இங்க யார் என்ன பேசினாலும் சிரிங்க. கை மட்டும் மேல போச்சுன்னா பாஸும் போச்சு.”

ஆறு வருடம் சிரித்தாள். அவள் வேலை வாசலில் அட்டை தேய்ப்பது. கிரெடிட் கார்டை மெஷினில் தேய்த்தால் இரண்டு ரூபாய் பிடிக்கும், மீதியை பேங்க் கட்டிவிடும். அப்புறம் உள்ளே போய் வயிறு கொள்கிற மட்டும் சாப்பிடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று பல கார்டுகளில் கணக்கு. மச்சான் கார்டோடு வருகிறவன், பத்து உருப்படிக்கு ஒரு கார்டை நீட்டுகிறவன், பர்ஸுக்குள் பூரியை மடித்து வைக்கிற சீமாட்டி, எல்லோரையும் பார்த்துவிட்டாள். “எங்க மாமா யாருன்னு தெரியுமா?” என்று கேட்பவர்களிடம், “வரச்சொல்லுங்க சார், அவர் கார்டையும் தேய்ச்சுடலாம்” என்பாள். வரிசை சிரிக்கும். மாமா பேரைச் சொன்னவனும் அடங்கிவிடுவான்.

அந்த ஜனவரிக் காலையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே விமானத்தின் வாலே தெரியாத மூடுபனி. வந்த விமானம் வந்துவிட்டது, போக வேண்டியது எதுவும் கிளம்பவில்லை. விமானம் மாற இறங்கியவர்கள் எல்லோரும் லவுஞ்சுக்குத்தான் வந்தார்கள். வரிசை புத்தகக்கடை தாண்டி, கழிப்பறை தாண்டிப் போயிற்று. ஐம்பது நிமிடம் நின்று முன்னால் வந்தவன் விபுல் என்பவன். ராஞ்சியிலிருந்து வந்து சண்டிகர் போகிறவன். நாற்பது வயது, நல்ல கோட்டு, காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை.

கார்டை வாங்கித் தேய்த்தாள். போனில் இரண்டு ரூபாய் போன செய்தி டிங்கென்று வந்தது. அதே நேரம் உள்ளேயிருந்து குரானா கத்தினார். “கதவ மூடு! உக்கார ஒரு நாற்காலி கூட இல்ல!”

“நாப்பது நிமிஷம் பொறுங்க சார்.”

“பொறுக்கறதா? மெசேஜ் வந்துருச்சு. இந்த மூணு மாசத்துக்கு என் முறை முடிஞ்சுது. உள்ளயும் விடல, ரெண்டு ரூபாயும் போச்சு!”

“முதல் ஆளா உங்களத்தான் விடுவேன்.”

“திருட்டுக் கூட்டம். முதல்ல என் ரெண்டு ரூபாயக் குடு!”

அவன் கேட்டது பணமில்லை. லட்சத்தில் சம்பளம் வாங்குகிறவனுக்கு இரண்டு ரூபாய் எதற்கு? அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் களைப்பில் புத்தி தடுமாறியது. இடுப்புப் பையிலிருந்து ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தை எடுத்து, அத்தனை பேர் பார்க்க அவன் உள்ளங்கையில் வைத்தாள். அந்த ஊரில் நாலு பேர் முன்னால் ஒருவன் கையில் சில்லறை வைத்தால் அது பிச்சை. ரோத்தக்காரிக்கு இது தெரியாதா? தெரியும். வைத்தபின்தான் உறைத்தது.

பின்னால் எவனோ, “போதுமாய்யா, டீ குடிச்சுக்க” என்றான்.

வரிசை முழுக்கச் சிரித்தது. விபுல் நாணயத்தை வீசி எறிந்துவிட்டு அவள் கன்னத்தில் அறைந்தான். மேசை விளிம்பில் வாய் மோதி உதடு பிளந்தது. மெஷின் கீழே விழுந்தது. இரண்டாவது அறைக்குக் கை வந்தபோது பதேரி அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

முறுக்க ஒரு நொடி போதும். முறுக்கவில்லை. கழுத்தில் பாஸ் தொங்கியது. பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாள். அவன் இடது கையால் அடித்தான். கண்ணில் ஒன்று, காதில் ஒன்று, மூக்கில் ஒன்று. மூக்கிலிருந்து ரத்தம் சட்டைக்கு இறங்கியது. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேசையில் நான்கு தடவை இடித்தான். முழங்காலால் பழைய விலாவில் மூன்று தடவை உதைத்தான்.

“விடுடி! விடுடி நாயே!”

விடவில்லை. சுற்றிலும் முப்பது போன்கள் படம் பிடித்தன. கை நீட்டித் தடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பாதுகாப்புப் படையினர் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

குரானா அவளைச் சரக்கு அறையில் உட்கார வைத்து ஐஸ் கொடுத்தார். கேமராவில் முழுவதையும் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“பதினோரு அடி, பதேரி ஜி. நீங்க ஒண்ணு கூடத் திருப்பல. சபாஷ்! இதுல ஒரு கையெழுத்து போட்டுட்டா முடிஞ்சுது.”

காகிதத்தின் தலைப்பில் சமாதானம் என்று எழுதியிருந்தது.

“நான் புகார் குடுக்கப் போறேன் சார்.”

“குடுத்தா அவனும் குடுப்பான், நீ கைய முறுக்கினதா. உன் மேல கேஸ் வரும். அடுத்த மாசம் பாஸ் புதுப்பிக்கணும். அந்தக் கட்டத்துல என்ன எழுதுவே?” ஜி போய்விட்டது. “அவன் பேங்க் கார்டுல வர்ற ஆளும்மா. பேங்க் இல்லேன்னா நமக்கு சோறு ஏது?”

“அவன் எங்க?”

குரானா தலையைச் சொறிந்தார். “பசிக்குதுன்னார். உள்ள உக்கார வச்சிருக்கேன்.”

பதேரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அடிக்கு வராத அழுகை. பதினோரு அடியையும் இந்த பாஸுக்காக வாங்கினாள், அது இப்போது அவள் வாயைத்தான் கட்டியது. கொட்டிலில் மிதித்தவர்களும் அன்றிரவு இப்படித்தான் உட்கார்ந்து ரொட்டி தின்றிருப்பார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கழுத்திலிருந்த பாஸைத் தலைவழியாகக் கழற்றி, கயிற்றை மடக்கி, குரானாவின் கையில் வைத்தாள்.

“இது எதுக்கும்மா?”

நேரே உள்ளே நடந்தாள். ஜன்னலோரச் சோபாவில் விபுல் சோலே பட்டூரே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் கட்டு. அவளைப் பார்த்ததும், “என்ன, மன்னிப்புக் கேக்க வந்தியா?” என்றான்.

இடது மூலைக்காரி கை முழுவதையும் வீசி அறைந்தாள். அவன் சோபாவோடு பின்னால் சாய்ந்து விழுந்தான். தட்டு பறந்து மசாலா கண்ணாடியில் வழிந்தது. அவன் வாயிலிருந்து ஒரு பல் தரைவிரிப்பில் விழுந்தது. எழுந்து திருப்பி அடிப்பான் என்று நின்று பார்த்தாள். அவன் எழவில்லை.

விமான நிலையக் காவல் நிலையத்தில் எழுத்தர் இருவரையும் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

“எதுக்கும்மா வம்பு? ரெண்டு பக்கமும் சமாதானமாப் போயிடுங்களேன். பாஸாவது மிஞ்சும்.”

“பாஸ் போயிருச்சு சார். ரெண்டு கேஸும் எழுதுங்க. அவன் அடிச்சது பதினொண்ணு, நான் அடிச்சது ஒண்ணு. எண்ணிக்கை மட்டும் தப்பாம எழுதுங்க.”